கழுத்தில்லாத சட்டை

தலையே இல்லாத ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தவள் இந்தப் பூமியில் தான் ஒருத்திதான் என்று தையல்கார அக்கா சொல்வாள். தோள் பதினெட்டு, மார்பு முப்பத்தெட்டு, கழுத்து கிடையாது. சட்டை ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தது, போட்டுக்கொண்டவர் கதவைத் திறக்காமலே வெளியே போனார் என்பாள். கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பவில்லை. மீதிப் பாதி அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை அவள். ஒரே ஒரு ஆள்தான் தொண்டையில் முள்: புருஷனின் தம்பி, பிளம்பர். சம்பவம் நடந்தபோது கூட இருந்தவன் அவன்தான். “எனக்குத் தாடை பிடிச்சுக்கிச்சு, அப்புறம் விட்டுருச்சு. அவ்வளவுதான்” என்று ஒரே வரியில் அவள் கட்டிய கோட்டையை இடித்துவிடுவான்.

ஆரம்பம் என்னவோ இங்கிலீஷ் வகுப்பில்தான். லாண்டரிக்கு மேலே ஒரு மாடியறை. கீழே நீராவி, மேலே தரை சதா வெதுவெதுப்பு. வேலை முடித்து வருகிறவர்களுக்கான சாயங்கால வகுப்பு. பெரிய ஓட்டல்களில் வேலை பிடிக்க ஆசைப்பட்ட நாலு பேர்: தையல்கார அக்கா, அவள் கொழுந்தன், ஒரு பார்பர், மாடிக் கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைக்கிற அம்மா.

அன்றைய பாடம், மற்றவர்கள் நமக்குச் செய்துதரும் வேலைகளைப் பற்றிப் பேசுவது. ‘முடி வெட்டினேன்’ என்று நாம் சொன்னால் வெட்டியது சலூன்காரர் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இங்கிலீஷில் அப்படிச் சொன்னால் நீங்களே கத்தரிக்கோலைத் தூக்கியதாக ஆகிவிடும், அதனால் ஆளை வைத்துச் செய்ததாகச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் விளக்கினார். பிறகு அவருடைய வழக்கப்படி, ஒவ்வொருவரும் எழுந்து இந்த வாரம் ஆள் வைத்துச் செய்துகொண்ட ஒரு வேலையையும் செய்தவரையும் சொல்லச் சொன்னார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பார்பர் இரண்டு கண்ணாடி வைத்துத் தன் முடியைத் தானே வெட்டுகிறவர். அக்காவின் துணியை அக்காவேதான் தைத்தாக வேண்டும். பிளம்பர்தான் வாயைத் திறந்தான்.

“எங்களுக்கு யாரு டீச்சர் செய்யறா? நாங்கல்ல ஊருக்கே செய்யறோம். பொய் சொல்லலாமா?”

“இங்கிலீஷ்ல சொன்னா பொய்யும் பாடம்தான்.”

அப்புறம் கேட்க வேண்டுமா? நாலு பேருமாகச் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வேலையாளை உண்டாக்கினார்கள். பெயர் நம்மாள். பார்பர் அவனுக்குச் சில்லிட்ட கைகளைக் கொடுத்தார். கண்ணாடி துடைக்கிற அம்மா மழையில் நனைந்த பாதங்களைக் கொடுத்தாள். அக்கா, தையல்காரி புத்தி எங்கே போகும், முழங்கையில் கிழிந்த சட்டை ஒன்றை மாட்டிவிட்டாள். முகத்துக்கு வந்தபோது சண்டை. மீசை வேண்டும் என்றார் பார்பர், வேலைக்காரனுக்கு மீசையை முறுக்க ஏது நேரம் என்றான் பிளம்பர். “மணியாச்சு, தோளோட நிறுத்துங்க” என்றார் டீச்சர். அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

பார்பர் தன் கத்தரிக்கோலை நம்மாள் சாணை பிடித்துக் கொடுத்ததாகச் சொன்னார். கடைக்குப் போய் எடுத்தால், அது விழுகிற முடியின் நிழலைக்கூட இரண்டாக நறுக்கியது. கண்ணாடி துடைக்கிற அம்மா தன் வீட்டு ஜன்னலை அவன் துடைத்துக் கொடுத்ததாகச் சொன்னாள். போய்ப் பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை, காக்காய் வந்து மோதி விழுந்து கிடந்தது. தரையில் ஜன்னல்வரை ஈரக்கால் தடம். திரும்பிப் போன தடம் இல்லை. அக்காவின் மெஷினுக்கு எண்ணெய் விட்டிருந்தது. சக்கரத்தைத் தொட்டால் ஐஸ்கட்டி.

பயந்தார்கள்தான். ஆனால் சும்மா நடக்கிற வேலையை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? வாரம் தவறாமல் சொன்னார்கள், வாரம் தவறாமல் நடந்தது. பிளம்பர் மட்டும் சிரித்தான். அவன் வீட்டுக் குழாய் ஒழுகாமல் நின்றபோதும், வாஷர் தானாக உட்கார்ந்துவிட்டது என்றான்.

போகப் போக வேலையில் ஒரு முரட்டுத்தனம் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்த பார்பருக்கு, கேட்காமலே, ஒரு பக்கத்து முடி மட்டும் வெட்டுப்பட்டு விழுந்தது. அடுத்த வகுப்பில் அவர் தொப்பியைக் கழற்றவே இல்லை. அந்த வகுப்பில்தான் பிளம்பர் எழுந்து, ஆளை வைத்துத் தன் வாயை மூடிக்கொண்டதாக இங்கிலீஷில் சொன்னான். யார் செய்தது என்று டீச்சர் கேட்டார்.

“நம்மாள்தான். அண்ணி ரொம்ப நாளா ஆசைப்பட்டாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள், அக்காதான் அதிகம் சிரித்தாள். படியிறங்கும்போது அவன் அடுத்த நக்கலுக்கு வாயெடுத்தான். வாய் மூடிக்கொண்டது. உதடும் உதடும் ஒட்டிய இடத்தில் கோடுகூட இல்லை. நல்ல இஸ்திரிக்காரர் மடிப்பை அழுத்தி எடுத்துவிட்ட துணி மாதிரி இருந்தது. அக்கா கட்டைவிரலால் பிரித்துப் பார்த்தாள், முடியவில்லை. கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். தாடைப் பிடிப்பு மாதிரி இருக்கிறது, காலையில் வாருங்கள், சரியாகாவிட்டால் கிழித்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

கிழிப்பது என்றால் என்ன என்று தையல்காரிக்குத் தெரியும். கிழித்ததை எப்படித் தைத்தாலும் தழும்பு நிற்கும். கொழுந்தன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். தண்ணீர் வேண்டும் அவனுக்கு. எந்த வழியாகக் கொடுப்பது?

கடையைத் திறந்து அவனை மூலையில் உட்காரவைத்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அளவெடுக்கப் போகிற வீட்டில் அவளை யாராவது உட்காரச் சொன்னதுண்டா? ஒரு வாய் தண்ணீர்? அந்த எரிச்சலை நாலு பேரும் அனுபவித்தவர்கள்தான். தங்களுக்கென்று ஒரு ஆள் கிடைத்ததும், அவர்களே அவனை மழையில் நனைத்து, கிழிசலை மாட்டி, வேலை மேல் வேலை ஏவியிருக்கிறார்கள். ஒரு ‘வாங்க’ கூடச் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் நாற்காலியைத் துடைத்து நடுவில் போட்டாள். பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள்.

“வாங்கண்ணே. உட்காருங்க. இன்னைக்கு உங்களுக்கு நான் செய்யறேன்.”

மெத்தை மெல்ல அமுங்கியது. நாற்காலியடியில் ஈரம் பரவியது. அக்கா டேப்பை வெறும் காற்றில் நீட்டினாள். மறுமுனையை ஏதோ பிடித்துக்கொண்டது. தோளில் நின்றது, மார்பைச் சுற்றியது, மூச்சுக்குத் தக்கபடி ஏறி இறங்கியது. விரலெல்லாம் மரத்துப் போயிற்று. கழுத்துக்குக் கொண்டுபோனாள். டேப் பொத்தென்று நாற்காலியில் விழுந்தது.

காலர் இல்லாமல் வெட்டினாள். கிடைத்ததிலேயே நல்ல துணி. தன் கல்யாணத்துக்குக்கூட அவள் அவ்வளவு நெருக்கமாகத் தையல் போட்டதில்லை. முழங்கையில் இரட்டைத் துணி வைத்தாள். அவருக்கு முதுகைக் காட்டாமல் பொத்தான் கட்டி, நாற்காலியில் விரித்துப் போட்டாள். சட்டை நிமிர்ந்தது, கை நீண்டது, ஒரு தடவை உடம்பை நெளித்துச் சரிபார்த்தது. பிறகு சாத்திய கதவின் வழியாகப் போயிற்று. மூலையில் கொழுந்தன் “ஆ” என்றான். டம்ளர் காலி. வாய் திறந்த வேகத்தில் அவன்தான் குடித்திருப்பான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு நம்மாள் யார் வேலைக்கும் வரவில்லை. அக்கா கதை சொல்வதும் கொழுந்தன் தாடை என்பதுமாக வருஷங்கள் ஓடின.

போன வாரம் டீச்சர் கடைக்கு வந்தார், ஒரு பாவாடையைக் குட்டையாக்க. கொழுந்தன் ஒழுகும் குழாய்க்கு அடியில் படுத்திருந்தான். அக்கா கதையை மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். டீச்சர் சிரித்தார். புதுசாக வந்திருப்பவர்களுக்கும் அதே பாடம் வருகிறது, அவர்களுக்கும் செய்துதர யாரும் கிடையாது, அவர்களையும் ஒரு ஆளை உண்டாக்கச் சொல்லப் போகிறேன் என்றார்.

குழாயடியில் ஸ்பானர் விழுந்தது. பிளம்பர் வெளியே ஊர்ந்து வந்தான்.

“டீச்சர், முதல்ல அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. ஒரு டம்ளர் தண்ணியும்.”

அக்காவின் கையில் ஊசி நின்றது. “என்னடா, தாடைதானே பிடிச்சுது? தண்ணியக்கூட நீதானே குடிச்ச?”

அவன் தொண்டையைத் தடவிக்கொண்டான்.

“நான் மூலைய விட்டு எந்திரிக்கல அண்ணி. நீங்க குனிஞ்சு பொத்தான் கட்டிக்கிட்டிருந்தீங்க. டம்ளர் தானா எழும்பிச்சு, நாற்காலிக்கு மேல சாஞ்சுது. அங்க வாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கோ வாய் தெறக்கல. ஆனா குடிச்சது அவரு அண்ணி, நனைஞ்சது என் தொண்டை.”