கட்ட ஆட்டமும் வட்ட ஆட்டமும் ஒரு சலவைக்கடையும்

மைதானம் முட்டை வடிவத்துக்கு மாறிய அன்று காலை, அதன் மூலையில் இருந்த சலவைக்கடை பத்தடி உள்ளே நகர்ந்து நின்றது. கடையோடு ஒட்டிய வீடும் கூடவே நகர்ந்தது. மடித்து அடுக்கியிருந்த சட்டைகளில் ஒன்றுகூடக் கலையவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கவில்லை. கொடியில் கிடந்த போர்வைகள் மட்டும் லேசாக ஆடின. மைதானத்தின் பக்கவாட்டில் இருந்த மருந்துக்கடையும் தையல்கடையும் அதே அளவுக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தன. மூலை உள்ளே வந்தால் விலா வெளியே போகத்தானே வேண்டும்? ஊர்க்காரர்கள் எழுந்து பார்த்தார்கள், பல் தேய்த்தார்கள், வேலைக்குப் போனார்கள். தபால்காரர் மட்டும் கொஞ்சம் முனகினார். அவர் வெயில் அடித்தாலும் முனகுகிறவர்.

விஷயம் இதுதான். கடலுக்கு அப்பால் இருந்த இரண்டு நாடுகளிலிருந்து இரண்டு ஆட்டச் சங்கங்கள் ஒரே வருடத்தில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தன. அவரவர் நாட்டில் அவரவர் ஆட்டத்தைப் பார்க்காத ஆள் ஒருவரும் மிச்சமில்லை. இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்குக்கூட சட்டை விற்று முடித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் புது ஊர், புது கண்கள் தேடிக் கிளம்பியிருந்தார்கள். முதல் சங்கத்தின் சார்பில் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஒருவர் வந்தார். இரண்டாவது சங்கத்துக்காக ஒரு நெட்டையான அம்மாள் வந்தாள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், பேச்சுக்கு நடுவில் முற்றுப்புள்ளி வைக்கிற இடத்தில் எல்லாம் அதை ஊதுவாள். இருவரும் தங்கள் ஆட்டத்துக்குக் கால்பந்து என்றே பெயர் சொன்னார்கள். இருவர் கையிலும் இருந்த பந்து உருண்டையாக இல்லை. ஒன்றில் காலுக்கு வேலை மிகக் குறைவு, இன்னொன்றில் பாதி வேலை கைக்கு. இதைக் கேட்டால் இருவருமே கோபித்துக்கொண்டார்கள், அதனால் ஊர் கேட்பதை விட்டுவிட்டு, தானே பெயர் வைத்துக்கொண்டது. நீளக் கட்டமான மைதானத்தில் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆடி, பத்து எட்டு ஓடியதும் ஒரு தடவை நின்று கூட்டம் போட்டுப் பேசுவது கட்ட ஆட்டம். முட்டை வடிவ மைதானத்தில் கையில்லாத பனியனோடு ஓடி, அடுத்தவன் தோளில் ஏறி வானத்தில் பந்து பிடிப்பது வட்ட ஆட்டம்.

ஊரில் இருந்ததோ ஒரே மைதானம். அதற்கு ஒரு குணம் இருந்தது: கைதட்டல் எந்த ஆட்டத்துக்கு அதிகமோ அந்த ஆட்டத்தின் வடிவத்துக்குப் போய்விடும். இத்தனை காலம் இது யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே கைதட்டும்படி எதுவும் நடந்ததில்லை. ஊரின் பழைய உருண்டைப் பந்து அணி அப்படி. தோற்றுவிட்டு வந்து டீ குடிக்கிறவர்கள்.

சலவைக்கடையை நடத்தியவர்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவருக்கு ஊர் வைத்த பெயர் இஸ்திரி. அவர் மடித்துக் கொடுத்த பேண்ட்டின் மடிப்பில் விரல் பட்டால் வெட்டிவிடும் என்பார்கள். அவளை எல்லோரும் நுரையக்கா என்று கூப்பிட்டார்கள். முழங்கை வரை நுரை இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. முன்கட்டில் அவருடைய இஸ்திரி மேசை, பின்கட்டில் அவளுடைய வாஷிங் மெஷினும் கொடிகளும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் துணி போடுகிறவர் முதலில் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "செவப்பு!" என்று ஒருவர் கத்தினால், மற்றவர் எங்கிருந்தாலும் "போடு!" என்று பதில் கொடுத்த பிறகுதான் மூடி சாத்தப்படும். சாயம் கலந்த துணி என்று அந்தக் கடையிலிருந்து ஒரு கைக்குட்டைகூட வெளியே போனதில்லை. தெருவில் போகிறவர்களுக்கு அந்த இரண்டு குரலும் கடிகார மணி மாதிரி பழகிப்போயிருந்தது.

இரண்டு சங்கத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒரே ஆள், நுரையக்காவின் தம்பி. காலையில் கட்டத்தின் தொப்பி, மத்தியானத்துக்கு மேல் வட்டத்தின் தொப்பி. கேட்டால், "எனக்கு ரெண்டு காது இருக்குல்ல?" என்பான். சட்டை துவைக்கிற வேலையைக் கொண்டுவந்து கொடுத்தவனும் அவன்தான். கட்டத்தின் சிவப்புச் சட்டைகளை மாமாவிடமும், வட்டத்தின் நீலப் பனியன்களை அக்காவிடமும் தனித்தனியாகக் கொடுத்தான். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

இஸ்திரிக்குக் கட்ட ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. கோடு கோடாக இருந்தது, யோசித்து யோசித்து ஆடினார்கள், அவசரமே இல்லை. நுரையக்காவுக்கு வட்டம். காற்றில் துணி பறக்கிற மாதிரி ஆட்கள் பறந்தார்கள், அவளுக்கு அது போதும். முதலில் கேலியாகத்தான் இருந்தது.

"என்னங்க, உங்க ஆளுங்க ஓட வந்தாங்களா, மீட்டிங் போட வந்தாங்களா?"

"உங்க ஆளுங்க மட்டும் என்னவாம்? ஏணி இல்லாத பெயிண்டர் மாதிரி அடுத்தவன் தோள்ல ஏறிக்கிட்டு."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். மறுவாரம் வட்டத்துக்குக் கைதட்டல் கூடி, மைதானம் முட்டையாகி, வீடு பத்தடி உள்ளே வந்தபோது அவள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் கட்டம் ஜெயித்து வீடு பழைய இடத்துக்குத் திரும்பியதும் அவர் தெரு முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார், அவளுக்கு மட்டும் வாங்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்கிறார். அன்றைக்கு நின்றது பேச்சு.

பேச்சு நின்ற அதே வாரம் ஊரும் சரிபாதியாகப் பிரிந்தது. பாதிப்பேர் கட்டத்துக்குத் தட்டினார்கள், பாதிப்பேர் வட்டத்துக்கு. மைதானத்துக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. ஒரு மூலை கூராகவும் ஒரு மூலை மழுங்கியும் தவித்தது. அந்தத் தவிப்பில் சலவைக்கடை வீடு நடுக்கூடத்தில் விரிசல் விட்டது. முன்கட்டு அவரோடு கட்டத்தின் பக்கம் போனது, பின்கட்டு அவளோடு வட்டத்தின் பக்கம் போனது. கட்டில் அவரிடமும் தலையணைகள் அவளிடமும் மாட்டிக்கொண்டன. அடுப்பு அவள் பக்கம், தட்டுகள் அவர் பக்கம். முதலில் இடைவெளி கால் எட்டும் அளவுதான் இருந்தது. பிறகு தாண்ட வேண்டியதாயிற்று. பிறகு அந்த வழியாக சைக்கிள்கள் போக ஆரம்பித்தன. நகராட்சி ஆள் வந்து ஒரு விளக்குக் கம்பம் நட்டுவிட்டு, தெருவுக்கு என்ன பெயர் எழுதுவது என்று கேட்டார்.

"சண்டைத் தெருன்னு எழுதுங்க," என்றாள் நுரையக்கா.

எழுதிவிட்டுப் போனார். பலகை இன்னும் இருக்கிறது.

ஆனால் வேலை நிற்கக் கூடாதே. துவைத்த துணியைத் தேய்த்தாக வேண்டும். தேய்க்கிறவர் தெருவுக்கு அந்தப்பக்கம். முறைப்படி சுற்றிக்கொண்டு போகலாம், ஆனால் யார் முதலில் போவது? அதனால் அவள் துணியை மூட்டையாகக் கட்டி எறிந்தாள். அவர் பிடித்தார். ஒரு வார்த்தை கிடையாது. தெரு அகல அகல அவள் எறிவது உயர்ந்தது, அவர் பிடிப்பது நேர்த்தியானது. ஓடிவந்து, நெஞ்சோடு அணைத்து, இரண்டு காலையும் ஊன்றி நிற்பார். பத்து வேட்டியும் நாலு போர்வையும் உள்ள மூட்டை ஒரு தடவைகூட மண்ணில் விழவில்லை. ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தில் பாதி இதைப் பார்க்க ஒதுங்கியது. கோட்டுக்காரரும் விசிலம்மாவும்கூட வந்து நின்று பார்த்துவிட்டு, ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி போய்விட்டார்கள்.

இப்படியே போனால் என்ன ஆகும் என்று நில அளவைக்காரர் வந்து அளந்து சொன்னார். இரண்டு சங்கத்தின் பெரிய தலைகளும் கடல் தாண்டி வரப்போகிறார்கள். இந்த ஊரில் கடை விரிப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய, ஒரே நாளில், ஒரே மைதானத்தில், இரண்டு ஆட்டமும் நடக்கப்போகிறது. அன்றைக்கு ஊர் இரண்டாக நின்று கத்தினால் இந்த இழுப்புக்கு வீடு தாங்காது. "அப்புறம் ஒண்ணு சேர்க்க முடியாதுங்க. உங்க மெஷின் பக்கத்து ஊர்ல போய் நிக்கும், மேசை அதுக்கு அடுத்த ஊர்ல," என்றார். அதைக் கேட்டதும் இஸ்திரி கையிலிருந்த தேய்ப்புப்பெட்டியைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அப்போதுதான் கொடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாள் என்பது தம்பி சொல்லித்தான் தெரியும்.

"அக்கா, நீயாவது பேசேன்."

"உங்க மாமாவுக்கு வாய் இல்லையா?"

அவன் தெருவைத் தாண்டிப் போனான். "மாமா, நீங்களாவது..."

"உங்க அக்காவைக் கேளு, டீ வாங்கித் தர மறந்துட்டேன்னு நான் ஒத்துக்கிட்டாச்சு. அவ சிரிச்சதை ஒத்துக்கிட்டாளா?"

தம்பி இரண்டு தொப்பியையும் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

பெரிய ஆட்டத்துக்கு முந்தின நாள், அவள் கொடியில் துணி உலர்த்தப் போன நேரம் பார்த்து, இஸ்திரி சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குள் நுழைந்தார். கட்டத்தின் சிவப்புச் சட்டைகளை மெஷினில் போட்டார். வழக்கப்படி நிறத்தைச் சொல்ல வாயைத் திறந்தவர், பேச்சில்லை என்பது நினைவுக்கு வந்து, மூடிக்கொண்டு ஓசைப்படாமல் போய்விட்டார். அவள் வந்தாள். மூடி சாத்தியிருந்தது. நீலப் பனியன்களில் பாதியை உள்ளே போட்டுவைக்கச் சொல்லித் தம்பியிடம் சொல்லியிருந்தாள், அவன் போட்டுவிட்டான் என்று நினைத்தாள், உள்ளே பார்க்காமலே மீதியைத் திணித்தாள். அவளும் நிறம் சொல்லவில்லை. தம்பி அப்போதுதான் வேர்க்க விறுவிறுக்க வந்து, மிச்சப் பனியனையும் போட்டு, சுடுதண்ணீர் பொத்தானை அமுக்கிவிட்டான். மெஷினைத் திறந்தபோது இரண்டு நாட்டுச் சட்டைகளும் ஒரே கத்தரிப்பூ நிறத்தில் பளிச்சென்று இருந்தன. அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேறு சட்டை இல்லை. இரண்டு அணிகளும் அதையே மாட்டிக்கொண்டு இறங்கின. யார் கட்டம், யார் வட்டம் என்று ஆடுகிறவர்களுக்கே தெரியவில்லை. கட்டத்துக்காரன் எறிந்ததை வட்டத்துக்காரன் தோளேறிப் பிடித்தான். வட்டத்துக்காரன் உதைத்ததைச் சுற்றிக் கட்டத்துக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். யாருக்குக் கத்துவதென்று தெரியாவிட்டாலும் ஊர் இரண்டாகவே நின்று கத்தியது, பழக்கதோஷம். மைதானம் தூக்கத்தில் புரளுகிற ஆள் மாதிரி உருண்டது. சண்டைத் தெரு கண்ணெதிரே அகல ஆரம்பித்தது. விளக்குக் கம்பம் சாய்ந்தது. முன்கட்டு ஒரு பக்கம், பின்கட்டு ஒரு பக்கம், இரண்டும் மெதுவாக, நிற்காமல், விலகிப்போயின.

இஸ்திரி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். அப்போதுதான் அந்த மனுஷன் அத்தனை பேர் முன்னாலும் உடைந்து கத்தினார்: "டீ வாங்கித் தராதது தப்புதான்! வந்துடு!"

நுரையக்கா வாஷிங் மெஷின்மேல் ஏறி நின்றாள். சேலையை இழுத்துச் செருகினாள். என்ன சொல்வதென்று தெரியாமல், வாயில் பழகின வார்த்தையே வந்தது.

"கத்தரிப்பூ!" என்று கத்தினாள்.

"போடு!" என்றார் அவர்.

அவள் தாவினாள். வட்ட ஆட்டக்காரர்கள் தாவுவதைப்போல, முழங்கால் உயர்த்தி, தாவினாள். தெருவுக்கு நடுவே, சாய்ந்த விளக்குக் கம்பத்துக்கும் மேலே, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கீழே இருந்தவர்கள் அவள் நிழலில் ஒதுங்கும் அளவுக்கு நேரம் இருந்தது. பிறகு இறங்கினாள். அவர் ஓடிவந்து, நெஞ்சோடு அணைத்து, இரண்டு காலையும் ஊன்றிப் பிடித்தார். கட்ட ஆட்டத்தின் நடுவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். அதே நொடியில் வட்ட ஆட்டத்தின் நடுவர் கையிலிருந்த இரண்டு வெள்ளைக் கொடிகளையும் வீசினார்; அவரவர் ஆட்டத்தில் புள்ளிக்கு அதுதான் சைகை. இரண்டு ஆட்டங்களும் ஒத்துக்கொண்ட ஒரே புள்ளி அது. ஊர் முதல்தடவையாக ஒரே குரலில் கத்தியது. ஒரே குரல் கேட்டதும் மைதானத்துக்கு நிம்மதி வந்துவிட்டது. ஒரு முனை கூராகவும் ஒரு முனை உருண்டையாகவும், கட்டிவைத்த துணி மூட்டை வடிவில் அமைதியாகப் படுத்துக்கொண்டது. வீட்டின் இரண்டு பாதிகளும் மேசை டிராயர் சாத்துகிற சத்தத்தோடு வந்து சேர்ந்தன.

பெரிய தலைகள் இருவரும் இந்தச் சந்தை தங்கள் வசம் என்று அவரவர் நாட்டுக்குச் சொல்லிக்கொண்டு விமானம் ஏறினார்கள். கோட்டுக்காரர் ஏறவில்லை. விசிலம்மாவும் ஏறவில்லை. இரண்டு வருடம் கழித்து இருவரும் சேர்ந்து இரண்டும் கலந்து இந்த ஊரில் முளைத்த மூட்டை ஆட்டத்தை எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போனார்கள், மொழிபெயர்ப்புக்குத் தம்பி. இப்போது அந்த நாடுகளில் கத்தரிப்பூ நிறச் சட்டைதான் அதிகம் ஓடுகிறது என்று கேள்வி. அங்கேயும் சில மைதானங்கள் நகர ஆரம்பித்திருக்கின்றன. தபால்காரர்கள் முனகுகிறார்களாம், மற்றவர்கள் பல் தேய்த்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

சலவைக்கடையின் நடுக்கூடத்தில் ஒரு முழம் இடைவெளி மட்டும் சேராமல் நின்றுவிட்டது. கொத்தனார் வந்து அடைத்துத் தருகிறேன் என்றார், இருவருமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உயரக் கொடியில் போர்வை போட நுரையக்காவுக்கு இப்போது ஸ்டூல் தேவைப்படுவதில்லை; லேசாக எம்பினால் போட்டு முடிக்கும்வரை மேலேயே நிற்கிறாள். உலர்ந்ததும் மூட்டையாகக் கட்டுகிறாள். கை நீட்டினால் கொடுத்துவிடலாம், அவ்வளவு கிட்டத்தில்தான் அவர் நிற்கிறார். "வெள்ளை!" என்கிறாள். "போடு!" என்கிறார். அவள் எறிகிறாள், அவர் பிடிக்கிறார்.