கற்பூரம் ஏற்ற மறுத்த பூசாரி

1986. பஞ்சாயத்துத் தேர்தலுக்கு முந்தின நாள் காலை, உத்திரமேரூருக்குத் தெற்கே உள்ள அந்தக் கிராமத்தில், தலைவர் பதவிக்கு நின்ற எத்திராஜ் ஊரையே திரௌபதை அம்மன் கோயிலுக்கு வரச் சொன்னான். வீட்டுக்கு ஒருவர் கற்பூரம் அடித்து, தன் வீட்டு ஓட்டெல்லாம் அவனுக்கே என்று சத்தியம் செய்ய வேண்டும்.

பூசாரி பச்சமுத்து கற்பூரம் ஏற்றவில்லை.

"இன்னா பூசாரி, காது கேக்கலியா?"

"கேக்குது. ஓட்டு அவங்கவங்க இஷ்டம்பா. அம்மாவ வெச்சி மிரட்டாத."

எத்திராஜின் ஆட்கள் அவரைத் தலைமுடியைப் பிடித்துப் படியில் தள்ளினார்கள். தட்டைப் பிடித்திருந்த வலக்கையில் உருட்டுக்கட்டை இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. அடுத்த அடியில் உதடு பிளந்தது. எத்திராஜே கற்பூரம் கொளுத்தினான். ரத்தம் தெறித்த படியில் ஏறி ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள். பூசாரியை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மறுநாள் ஓட்டுப்போட வந்தாள் மனைவி பாஞ்சாலி. பள்ளிக்கூட வாசலில், வரிசையில் நின்றபடியே கத்தினாள்.

"என் வூட்டுக்காரரு ரத்தத்த மிதிச்சிக்கினு பண்ண சத்தியத்த அம்மா ஏத்துக்க மாட்டா! உங்க இஷ்டத்துக்குப் போடுங்க!"

எத்திராஜின் ஆள் ஒருவன் ஓடிவந்து அவள் வயிற்றில் உதைத்தான். பின்னால் நின்ற லீலாவதி அவன் கண்ணில் மண்ணை வாரி அடித்தாள். மற்றப் பெண்களும் பாய்ந்தார்கள். போலீஸ்காரர் வந்து பிரிப்பதற்குள் அவன் காது கிழிந்து தொங்கியது. பிறகு எல்லோரும் திரும்ப வரிசையில் நின்றார்கள்.

எத்திராஜ் பதினேழு ஓட்டில் தோற்றான். முடிவு தெரிந்த அன்று மாலையே பூசாரியின் கூரை வீடு எரிந்தது. கட்டியிருந்த பசுவும் கன்றும் கருகிச் செத்தன. எத்திராஜைப் போலீஸ் பிடித்துப் போனது.

அவனை எதிர்த்து நின்று ஜெயித்த தாமோதரன் பழப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"அம்மாதான் என்ன ஜெயிக்க வெச்சா, பூசாரி. வெள்ளிக்கெழம பொங்க வெக்கிறேன். சாமி வந்து, 'இவன் என் புள்ள'ன்னு ஒரு வார்த்த சொல்லிடு. வூட்ட நான் கட்டித் தரேன்."

பச்சமுத்து வீங்கிய வாயைச் சிரமப்பட்டுத் திறந்தார்.

"ஜெயிக்க வெச்சது ஊரு ஜனம்பா. போயி அவங்களக் கும்புடு."

தாமோதரன் பழப்பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பாஞ்சாலி கஞ்சியை ஆற்றினாள். அவருக்கு ஊட்டிக்கொண்டே சொன்னாள்:

"கூரைக்கு ஓல கீதான்னு எங்கண்ணன கேக்கறேன்."