நிற்காத பிரஸ்

திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கஜபதியின் பட்டறையில் ஒரு வழக்கம். தகடு அடிக்கும் புது பிரஸ் வந்தால், அதை ஓடவிட்டு உள்ளே ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிடுவார்கள். ஆபரேட்டர் உதயகுமார் உருட்டினார். பழம் நசுங்கிச் சாறு தெறித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

அந்த பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் ஒளிக்கதிர்களால் ஆன ஒளித்திரை இருக்கிறது. கையோ பழமோ, எது குறுக்கே போனாலும் பிரஸ் அந்த நொடியே நிற்க வேண்டும். அதைக் கவனிக்கும் கன்ட்ரோல் போர்டு எங்கள் கம்பெனி செய்தது. பொருத்த வந்தவள் நான், ரேஷ்மா.

உதயகுமார் சாற்றைத் துடைக்கக் கையை நீட்டினார்.

"அண்ணா, கைய எடுங்க!" என்று அலறிக்கொண்டே சிவப்பு பட்டனை அறைந்தேன். பிரஸ் நின்றது.

"இன்னாம்மா இப்டி கத்துற? நேத்து கைய வுட்டு வுட்டுப் பாத்தோமே, நின்னுச்சே!"

நின்றது உண்மைதான். லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். போர்டின் சிப்பில் இரண்டு கோர்கள், இரண்டு மூளைகள் மாதிரி. ஒன்று பிரஸ்ஸை ஓட்டும், மற்றது திரையைக் கவனிக்கும். கரண்ட் வந்ததும் முதல் கோர் விழித்து, இரண்டாவதை எழுப்ப வேண்டும். எழுப்பும் விதம் சிப்புக்கு சிப் வேறு. அதனால் எல்லா போர்டுக்கும் பொதுவாக 'எழுப்பு' என்று ஒரே கட்டளை வைத்திருந்தோம். அதற்கு அடியில் எழுப்பும் வழியை ஒவ்வொரு சிப்புக்கும் தனியாக எழுத வேண்டும். இந்தச் சிப்புக்கு எங்கள் விக்ரம் எழுதியிருந்தது ஒரே வரி: 'எழுப்பியாச்சு' என்ற பதில். இரண்டாவது கோர் தூங்கிக்கொண்டே இருந்தது; திரையைக் கவனிக்க ஆளில்லை. எழுப்புகிற வேலையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறான், படுபாவி! அதைப் பார்க்காமல் கொண்டுவந்த என்னை என்ன சொல்ல?

லேப்டாப்பிலிருந்து போர்டுக்குச் சோதனைக் கேபிள் செருகியிருந்தால் அதுவே இரண்டு கோர்களையும் எழுப்பிவிடும். நேற்று செருகியிருந்தேன். இன்று காலை கழற்றிவிட்டேன்.

நான் சொன்னதைக் கேட்டதும் உதயகுமார் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ நேத்து என் கைய காப்பாத்துனது அந்த ஒயரா?"

தலையாட்டினேன். அவர் மறுபடி கேட்டார்.

"இதே போர்ட வேற எங்கனா குட்த்துகீறீங்களா?"

ஆவடியில் தினகரன் பட்டறைக்குக் கொடுத்திருந்தோம். போன் போட்டேன். எடுத்தவரின் குரலுக்குப் பின்னால் பிரஸ் அடித்துக்கொண்டிருந்தது.

"சார், உடனே மெஷின..."

"அட, நானே கூப்டணும்னு இருந்தேம்மா!" என்றார் தினகரன். "சூப்பரா ஓடுது. காலைலேர்ந்து ஒரு வாட்டிகூட நிக்கல."