அடுப்படியில் ஒரு கேமரா

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதுவது யாரும் சொல்லிக்கொடுக்காமல் வீடியோ பார்த்தே கற்றது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உலகத்தில் யாருக்கும் வேண்டாத விஷயமெல்லாம் இவருக்கு வேண்டும். சாப்பாட்டில் கை வைக்கும்போதுதான், "தலை போனாலும் கரப்பான்பூச்சி ஒரு வாரம் உசிரோட இருக்கும், தெரியுமா?" என்பார். எனக்கு அதற்கு மேல் ஒரு வாய் இறங்காது.

கரப்பான் என்றாலே எனக்குக் குமட்டும். எங்கள் அடுப்படியில் அதற்குப் பஞ்சமே இல்லை. தட்டை எடுத்தால் ஒன்று, துடைப்பத்தைத் தூக்கினால் நாலு. முதுகு ஒடியத் தேய்த்தேன். மூலை முடுக்கெல்லாம் மருந்துப்பொடி தூவினேன். குறையவே இல்லை. நான்தான் சுத்தமில்லாதவள் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

தங்கைக்குக் குழந்தை பிறந்தது. "அக்கா, கொஞ்ச நாள் உன்கிட்ட வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டாள். இந்தக் கண்றாவிக்கு நடுவில் பச்சைப்பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பது? வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று புளுகினேன். "சரிக்கா" என்று போனை வைத்தவள்தான், அப்புறம் அவளிடமிருந்து போனே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இவர் வாயெல்லாம் பல்லாக என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். திரையில் எங்கள் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிப்பக்கம். ஒவ்வொரு கரப்பானைச் சுற்றியும் பச்சைக் கட்டம், மேலே நம்பர்.

"கேமராவை எப்ப வச்சீங்க?"

"அது ஆச்சு ரெண்டு மாசம், குழாய்க்குப் பின்னால கண்ணுல படாம. இப்பதான் நான் எழுதின ப்ரோகிராம் தப்பில்லாம எண்ணுது."

நடுவில் ஒரு பாட்டில் மூடி. பச்சைக் கட்டங்கள் அதைத்தான் மொய்த்தன.

"அந்த மூடியில என்ன?"

"சர்க்கரைப் பாகு. நீ தூங்கினப்புறம் வச்சு, விடியறதுக்குள்ள எடுத்துடுவேன். அதுங்க வரலைன்னா ப்ரோகிராம் எதைப் பார்த்துக் கத்துக்கும்? நீ வேற பொடியைத் தூவித் தூவி வைக்கிறே. அதைக் கூட்டித் தள்ளுறதே எனக்குப் பெரிய வேலையாப் போச்சு."

நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். இந்தத் தடவை பூச்சியைப் பார்த்து இல்லை.

"நான் அங்க உட்கார்ந்து தேய்ச்சுத் தேய்ச்சுச் செத்தேனே, அதையும் பார்த்துச்சா?"

"பார்த்துச்சு. உன் கை குறுக்க வந்தா எண்ணிக்கை குழம்புது. அதனால நீ வர்ற படத்தையெல்லாம் தானா அழிக்கிற மாதிரி எழுதிட்டேன். அதுதான் இதுலயே கஷ்டமான வேலை."

சொல்லும்போது முகத்தில் அவ்வளவு பெருமை. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

"மீதிப் பாகு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்தார், பாவம். மேஜைக்கு அடியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தார். அதை அப்படியே அவருடைய கீபோர்டில் கவிழ்த்தேன். தொட்டிக்கு அடியிலிருந்து கேமராவைப் பிடுங்கி வந்து கீபோர்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"இனிமே இங்கயே எண்ணிக்கோங்க. என் கை குறுக்க வராது."

பையில் துணியைத் திணித்துக்கொண்டே தங்கைக்குப் போன் போட்டேன்.

"பெயிண்ட் அடிச்சாச்சாக்கா?" என்றாள், குரலே சரியில்லாமல்.

"இங்க யாரும் பெயிண்ட் அடிக்கலடி. உங்க மாமா கரப்பான் வளர்த்திருக்காரு. நான் அங்க வரேன்."