நாற்பத்திரண்டு பேருக்கு ஓர் அட்டை

புவி வெப்பமடைதல்: காரணங்கள், விளைவுகள், தீர்வுகள் என்று எங்கள் கம்பெனியில் கட்டுரைப் போட்டி வைத்தார்கள். உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்காம். முதல் பரிசு ஹாட்பாக்ஸ். ஒரகடத்து வெயிலில், தகரக்கூரைக்குக் கீழே உட்கார்ந்து கார் சீட்டுக்கு உறை தைக்கிறவர்களுக்கு ஹாட்பாக்ஸ் கொடுக்கத் தோன்றிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை.

நான் ரஞ்சனி, மூன்றாவது லைனின் லீடர். என் லைனில் நாற்பத்திரண்டு பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு பச்சை அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, சாப்பாட்டு நேரம்வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவேன். பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைப்பு.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஐஸ்வர்யாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். மே மாதம் ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு, தைத்துக்கொண்டிருந்த உறை மேலேயே சாய்ந்துவிட்டாள். தொட்டால் உடம்பு கொதித்தது. சூட்டில் உடம்பு நீரெல்லாம் வற்றிச் சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது, நல்லவேளை தேறிவிடும் என்றார் டாக்டர். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மேனேஜர் பரசுராமன் அறிக்கை தயாராக வைத்திருந்தார். காலையில் சாப்பிடாமல் வந்ததால் மயக்கம் என்று அதில் இருந்தது. அன்று அவள் நான்கு இட்லி சாப்பிட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். லீடராக நான் கையெழுத்துப் போட்டால் போதும், உடம்பு சரியில்லாத பெண் என்று சொல்லி அவளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போட்டி முடியட்டும் சார் என்று நாளைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்தேன்.

குன்றத்தூரில் ஒரு வெப்பமானி வாங்கி என் மெஷின் பக்கத்தில் மாட்டினேன். பத்து நாள், தினமும் இரண்டு மணிக்குக் குறித்துக்கொண்டேன். நாற்பது டிகிரிக்குக் கீழே ஒருநாளும் இறங்கவில்லை. ஒருநாள் நாற்பத்து மூன்று.

போட்டியன்று கேன்டீனில் மற்றவர்கள் பனிமலை உருகுவதையும் கடல் ஏறுவதையும் வாசித்தார்கள். எல்லாம் உண்மைதான். என் கட்டுரை ஒரே பக்கம். பெட்ரோலும் நிலக்கரியும் எரிந்த புகை பூமியைப் போர்வைபோல் மூடிச் சூடாக்குகிறது. அந்தப் புகையை விடுகிற கார்களுக்குத்தான் நாம் சீட் தைக்கிறோம். அதை நிறுத்துவது என் ஒருத்தி கையில் இல்லை. ஆனால் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதும், சூடு வெளியேற மேலே காற்றாடி வைப்பதும், அட்டையை ஒழிப்பதும் இந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. இதையெல்லாம் பத்து நாள் கணக்கோடு வாசித்தேன். பிறகு தாளை மடித்துவிட்டு, எழுதாததையும் சொன்னேன்.

"ஐஸ்வர்யாவ தண்ணி குடிக்காதன்னு சொன்னது நான்தான்."

பரசுராமனுக்கு வசதியாகப் போயிற்று. அறைக்குக் கூப்பிட்டு, லீடர் தவறாக வழிகாட்டியதால் மயக்கம் என்று அறிக்கையை மாற்றிவிடலாமா என்று கேட்டார். என் லீடர் பதவி போய்விடும் என்று எனக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது.

"எழுதுங்க சார். ஏன் சொன்னேன்னும் சேத்து எழுதணும், சூடு எவ்ளோன்னும் எழுதணும். இல்லாட்டி கையெழுத்து கெடையாது."

முடியாது என்றார். மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸிலேயே என் லைன் பெண்களிடம் பேசினேன். ஷிஃப்டுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

"இன்னாக்கா, லைன் நின்னுடுமே?" என்றாள் ஜோதி.

"நிக்கட்டும்."

ஒன்பதரைக்கு அட்டைக்காகப் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். பத்து மணிக்கு முப்பது பேர். யாரும் சத்தம் போடவில்லை, விதியை மீறவில்லை. மெஷின்கள் மட்டும் ஓடவில்லை. அடுத்த லைனிலும் பாட்டில்கள் திறக்கிற சத்தம் கேட்டது. பரசுராமன் ஓடிவந்து, எல்லோரும் போய் வாருங்கள் என்றார். அட்டை ஒன்றுதானே சார் இருக்கிறது என்று நின்ற இடத்திலேயே நின்றோம்.

பதினொன்றரைக்கு அட்டையைத் தூக்கிவிட்டார்கள். மறுபடி லைன் நின்றுவிடுமோ என்ற பயத்தில், அறிக்கையில் கூடத்தின் வெப்பமும், ஒற்றை அட்டையும், என் தவறும் ஏறின. மூன்றையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். லீடர் பதவி போய், பழையபடி மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். கூரைக்கு வெள்ளை அடிக்க இன்னும் ஆள் வரவில்லை. தினமும் போய்க் கேட்டு அவர்கள் உயிரை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜூன் கடைசியில் ஐஸ்வர்யா வேலைக்குத் திரும்பினாள். இளைத்திருந்தாள். ஒன்பது மணிக்குப் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தவள், குடிக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"குடிச்சுக்கிடட்டுமாக்கா?"

"இனிமே என்கிட்ட கேக்காத" என்றேன்.