முப்பத்தொன்பது கைகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒரு விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து, உதறி, நடந்து வந்து சேர்த்தால் ஒரு மடிப்பு. பதினெட்டு வருடமாகச் சின்னக்கா ஒரு பக்கம் நிற்கிறாள். எதிர்ப்பக்கம் ரெட்டை, இரட்டைப் பிள்ளை பெற்றதால் வந்த பெயர். கொதிக்கக் கொதிக்க வரும் துணியைப் பிடித்துப் பிடித்துச் சின்னக்காவின் விரல்நுனிகள் மரத்துப்போயிருந்தன. சூடு உறைக்காது.

வேலைநிறுத்தம் நேற்றோடு முடிந்திருந்தது. நாற்பது பேரில் ஒருவர் தானாக விலகுவதாக எழுதிக் கொடுத்தால் மற்றவர்கள் வேலையில் நீடிக்கலாம் என்றது நிர்வாகம். கடிதம் இன்று மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். காலையிலேயே சங்கம் கூடியது. "சின்னக்காவுக்குப் புருஷனா, புள்ளையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சின்னக்காவே விலகட்டும் என்று முப்பத்தொன்பது கைகள் எழுந்தன. ரெட்டையின் கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் எழுந்தது.

சங்கச் செயலாளர் தட்டச்சு செய்த கடிதத்தோடு வந்தார். கூடவே கொதிகலன்காரர், வாயைத் திறந்தால் கடவுள் பேச்சுதான் என்பதால் எல்லோருக்கும் அவர் சாமியார்.

"சாமிக்கு அழுகுன பழத்தையா வைப்போம் சின்னக்கா? நல்லதாப் பாத்துதான் வைப்போம்" என்றார் சாமியார்.

"அப்ப நீங்கல்லாம் அழுகலா?"

"விளையாடாதீங்கக்கா" என்றார் செயலாளர். "தன்னையே குடுக்கும்போதுதான் மனுஷன் முழுசாகுறான்னு பெரிய அறிஞருங்க எழுதியிருக்காங்க. சங்க வரலாத்துல உங்க பேரு நிக்கும்."

"எழுதினவங்க குடுத்தவங்களா, வாங்கிக்கிட்டவங்களா?"

செயலாளர் கடிதத்தை நீட்டினார். சின்னக்காவுக்குக் கோபம் வரவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தாள். 'என் தோழர்களின் நலனுக்காக மனமுவந்து வேலையிலிருந்து விலகுகிறேன்.' பேனாவை எடுத்து முதல் நான்கு வார்த்தைகளையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

செயலாளரின் முகம் சுருங்கியது. "அதை ஏன்க்கா அடிச்சீங்க?"

"நிர்வாகத்துக்கு இது பத்தாதா?"

"பத்தும். ஆனா அது எங்க மனசுக்காக..."

"தெரியும். வேலையைக் கேட்டீங்க, எடுத்துக்கிட்டீங்க. சந்தோஷமாக் குடுத்தேன்னு வேற நான் சொல்லணுமா?"

"வெறும் வார்த்தைதானேக்கா?"

"எங்கிட்ட மிச்சம் இருக்கறது அதுதான்."

செயலாளர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவரும் சாமியாரும் போய்விட்டார்கள்.

கூடையில் கடைசி விரிப்பு கிடந்தது. ரெட்டை மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, திட்டவாச்சும் திட்டுக்கா."

"முனையப் பிடி. துணி ஆறுது."

இழுத்தார்கள். உதறினார்கள். சின்னக்கா நடந்து வந்து தன் இரண்டு முனைகளையும் ரெட்டையின் கையில் வைத்தாள். வழக்கமாகக் குனிந்து கீழ்மடிப்பைப் பிடிப்பாள். இன்று குனியவில்லை. அலமாரியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

நான்கு முனைகளையும் ஒற்றை ஆளாகப் பிடித்தபடி ரெட்டை நின்றாள். விரிப்பின் நடுப்பகுதி ஈரத் தரையில் புரண்டது.