சலூன்காரர் படித்த பாஷை

அந்தத் தெருவில் ஐந்து மொழிக்காரர்களுக்கும் ஒரே சலூன்தான். சலூன்காரருக்குத் தெரிந்ததோ ஒரே மொழி. முடிக்கு ஏது மொழி என்பது அவர் கட்சி.

பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த வாட்ச்காரர் விஷயத்தில்தான் அந்தக் கட்சி தோற்றது. மனைவி தவறிப்போன பிறகு அவர் வாராவாரம் சவரத்துக்கு வந்தார். உட்கார்ந்ததும் தன் மொழியில் ஆரம்பித்தால், முகம் துடைக்கும்வரை ஓயமாட்டார். தெருவில் எல்லாரும் பேசுகிற பேச்சில் அவருக்கு வந்ததெல்லாம் கூலி சொல்வதும் "நாளைக்கு வாங்க" என்பதும்தான். சலூன்காரர் பாதிக்கு "ம்" போடுவார், மீதிக்குச் சிரித்துவைப்பார். ஒருநாள் வாட்ச்காரர் ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். சலூன்காரர் அதற்கும் சிரித்துத் தொலைத்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மொழி வகுப்பு டீச்சர் நோட்டீஸ் ஒட்ட வந்தார். "ஒட்ட எல்லாரும் சுவர் தர்றாங்க. உட்காரத்தான் ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க," என்றார்.

"வாட்ச்காரர் பேசுற பாஷை உண்டா?"

"உண்டு. படிக்கத்தான் ஆள் இல்ல."

சலூன்காரர் சேர்ந்தார். "கட்டின பொண்டாட்டி சொல்றதே காதுல ஏறல, இது ஏறப்போகுதாக்கும்," என்றாள் மனைவி. அந்த மொழியில் அடித்தொண்டையிலிருந்து ஓர் எழுத்து வரவேண்டும். அவர் வீட்டில் அதைப் பழகியதில் பூனை பக்கத்து வீட்டோடு போய்விட்டது. ஆனால் மனுஷன் விடவில்லை. நன்றாகப் பேச வந்ததும் வாட்ச்காரர் முன்னால் அவிழ்த்துவிடலாம், ஆள் துள்ளிக் குதிப்பார் என்று மனப்பால் குடித்தார்.

ஒரு வாரம், கத்தி கன்னத்தில் இருக்கும்போதே, பேச்சு முழுசாகப் புரிந்தது. கண் மங்கிவிட்டது, சின்ன திருகாணி எதுவும் தெரியவில்லை, வருகிறவர்களை எல்லாம் நாளைக்கு நாளைக்கு என்று திருப்பிக்கொண்டிருக்கிறேன் என்றார் வாட்ச்காரர். என் பையனுக்கு எங்கள் பேச்சு 'சாப்பிட்டாயா'வோடு சரி, அவனிடம் எப்படிச் சொல்வது என்றார். இந்த ஆளுக்கு ஒரு மண்ணும் புரியாது, அதனால்தான் இங்கே கொட்டுகிறேன் என்றும் சொன்னார்.

"எந்தக் கண்?" என்று அவர் மொழியிலேயே கேட்டார் சலூன்காரர்.

வாட்ச்காரர் பாதி முகத்து நுரையோடு எழுந்து போனவர்தான். அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

டீச்சர்தான் வந்தார். வகுப்பின் முதல் வெற்றி என்று இவர் படத்தை நோட்டீஸில் போடவேண்டுமாம்.

"வேணாம் டீச்சர். படிச்சு, இருந்த ஒரு ஆளையும் துரத்திட்டேன்."

"உச்சரிப்பு தப்பாயிடுச்சா?"

"சரியா வந்துடுச்சு. அதான் வினை."

சலூன்காரருக்கு வேலை ஓடவில்லை. ஒருவருடைய கிருதாவை ஒரு பக்கம் ஏற்றியும் ஒரு பக்கம் இறக்கியும் அனுப்பிவைத்தார்.

மாதம் திரும்பும்போது வாட்ச்காரர் தாடியோடு வந்தார். கூடவே மகன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, தன் மொழியில் சொன்னார்: "அன்றைக்குக் கேட்டதை இவனிடம் சொல். எனக்கு வாயில்லை."

சலூன்காரர் துண்டை உதறினார். ஏற்கெனவே சுத்தமான துண்டு. "தம்பி, அப்பாவுக்குக் கண்ணு சரியா தெரியலையாம். உங்ககிட்ட சொல்லத் தெரியாம தவிச்சிருக்காரு."

மகன் தரையைப் பார்த்தான். "தெரியும்ணே. எதிர்ல நின்னா நான் யாருன்னு பாக்குறாரு. கேக்கணும்னு இருக்கும். கேக்கறதுக்கு எனக்கு வார்த்தை இல்ல."

காய்கறிப் பாடத்திலும் பஸ் பாடத்திலும் படித்த சொற்களைப் பொறுக்கி, சலூன்காரர் அதை அப்பாவுக்குச் சொன்னார். வாட்ச்காரர் மகனைப் பார்த்து நெடுநேரம் பேசினார்.

"பாதிதான் புரிஞ்சுது தம்பி," என்றார் சலூன்காரர், உள்ளதை மறைக்காமல்.

"பரவால்லண்ணே. அந்த வகுப்பு என்னைக்கு?"

சலூன்காரர் அதையும் அப்பாவுக்குச் சொன்னார். வாட்ச்காரர் மகன் கையைப் பிடிக்கத் துழாவினார். முதலில் நாற்காலியின் கைதான் அகப்பட்டது. மகன்தான் தன் கையைக் கொண்டுபோய் அங்கே வைத்தான்.